எந்த மனசோடு வண்டி ஏறுகிறோம்?

தொலைதூர ரயில் பயணத்துக்குப் புத்தகம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கைத்தான் பார்க்கிறார்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் என்றால் தடிமனாக ஒரு நாவல், ராத்திரிப் பயணம்தான் என்றால் இரண்டு வாரப் பத்திரிகை. டெல்லியில் வேலை பார்த்த வருடங்களில் சென்னைக்கும் டெல்லிக்குமாகப் போய் வந்து நான் கற்றுக்கொண்டது வேறு. எந்த மனசோடு ஏறுகிறோமோ, அதற்கேற்ற புத்தகம்தான் வண்டியில் கூட வரும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976 முதல் ஓடுகிறது. சென்ட்ரலில் இரவு ஏறினால் மறுநாள் முழுக்க வண்டியிலேயே கழியும். அதற்கடுத்த நாள் விடிகாலையில்தான் டெல்லி. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர்.

விடுமுறை முடிந்து அதில் ஏறும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம் மடியில் இருக்கும். பிரிக்க மனசு வராது. வேலைக்குப் போகிற ஆம்பிளை அழக்கூடாது என்று வளர்ந்தவன் நான். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊர் கும்பகோணம். அதனால் போகும் வழியில் 'மோகமுள்' எனக்கு ஆகாது. தி. ஜானகிராமன் எழுதிய தெருக்கள் என் தெருக்கள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றிவிடும்.

அந்தப் பயணங்களில் எனக்குக் கைகொடுத்தது, வண்டி போகிற நிலத்தைப் பற்றிய எழுத்து. காலையில் கண் விழிக்கும்போது வாரங்கல் பக்கம் வந்திருக்கும். அடுத்து காசிப்பேட்டை, செகந்திராபாத் பாதை பிரிகிற இடம். அந்த நேரத்துக்கென்றே அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் 1931இல் பிறந்தது செகந்திராபாத்தில். 1948இல் நிஜாமின் ஆட்சி முடிவுக்கு வந்த காலம், கிரிக்கெட் ஆடித் திரிகிற ஒரு தமிழ்ப் பையனின் கண் வழியாக அந்த நாவலில் விரிகிறது. ஜன்னலுக்கு வெளியே பாறைகளும் பருத்திக் காடும். கையில் அதே மண்ணின் கதை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பம் எனக்கு முன்னாலும் உண்டு என்ற எண்ணமே பெரிய ஆறுதலாக இருந்தது. நாகபுரி வருவதற்குள் பொட்டலத்தைப் பிரித்திருப்பேன்.

ஊருக்கு வரும் பயணம் நேர்மாறு. ஜான்சி தாண்டும்போதே மனசு கும்பகோணத்தில் இருக்கும். எந்த நல்ல நாவலும் அப்போது ஒட்டாது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகரின் மாத நாவல்கள் அந்தத் தவிப்புக்குச் சரியாக இருந்தன. அவற்றை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேகமாகப் புரளும் பக்கம் வேகமாகத் துடிக்கும் மனசுக்கு ஏற்றது.

ஒரு முறை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்து, கிடைத்த டிக்கெட்டில் கிளம்பினேன். கையோடு எடுத்தது தேவனின் 'துப்பறியும் சாம்பு'. பள்ளி நாட்களிலேயே படித்த புத்தகம். பயத்தில் இருக்கும் மனசு புதிய கதையைப் பின்தொடராது; தெரிந்த கதைதான் பிடிமானம் தரும். எதிர் சீட்டில் இருந்த பாட்டி, "கண்ணாடியப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன், சத்தமாத்தான் படியேன் தம்பி" என்றார். படித்தேன். சாம்பு தற்செயலாகத் திருடனைப் பிடிக்கிற இடத்தில் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். பக்கத்து சீட்டுப் பையன் மேல் பெர்த்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தான். முந்தின நாளிலிருந்து நானும் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தேன். என் அப்பாவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த ராத்திரி என்னை நிலைகுலையாமல் வைத்திருந்தது தேவன்தான்.

மற்றபடி சில நடைமுறை விஷயங்கள். டீ, காபி குரலும் டிக்கெட் பரிசோதகரும் குறுக்கிடும் இடத்தில் பத்துப் பக்கத்தில் முடிகிற சிறுகதைதான் வசதி. ஓடுகிற பெட்டியில் பொடி எழுத்து கண்ணை வலிக்கச் செய்யும். இரவு பத்து மணிக்கு மேல் நடு பெர்த்தை விரித்துவிடுவார்கள். கீழ் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, விளக்கும் அணைந்துவிடும். படுத்தபடி ஒரு கையில் பிடிக்கக்கூடிய மெல்லிய புத்தகமும் சின்ன விளக்கும் வேண்டும். போனில் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே புத்தகத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. காட்டுப் பகுதியில் சிக்னல் இருக்காது. சார்ஜ் போடும் இடத்துக்குப் போட்டி இருக்கும்.

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் புத்தகம் மாறும். என் பட்டியல் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. டிக்கெட் உறுதியானதும் அலமாரி முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சந்தோஷமாகப் போகிறோமா, பிரிந்து போகிறோமா, பயந்து போகிறோமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அதற்குப் பதில் சொல்கிற புத்தகத்தை எடுத்து வையுங்கள். பெட்டியில் துணிமணியைக் குறைத்தாவது அதற்கு இடம் கொடுங்கள்.