செம்பூராங்கல் கோட்டைகள்

குவாலா லிங்கிக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று தாத்தா சைக்கிளை எடுத்தால், கோட்டைக்குப் போகிறார் என்று எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, பிரம்புக் கூடையை முன்னால் மாட்டி, என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்வார். "சக்கரத்துல கால விட்டுறாத பாப்பா" என்று அவர் சொல்லும்போதே பாட்டி வாசலுக்கு வந்துவிடுவாள். "கல்லப் பாத்துக்கிட்டே நிக்காம, மீனு கெட்டுப் போறதுக்குள்ள வந்து சேருங்க."

அறுபதுகளின் பிற்பாதி அது. மலாக்காவில், மஸ்ஜித் தானாவுக்கும் லூபோக் சீனாவுக்கும் நடுவே, கித்தாக் காட்டுக்குள் எங்கள் தோட்டம். எல்லையைத் தாண்டியதும் மரநிழல் விலகி, கம்போங் வீடுகள் வரும். தூண்மேல் நிற்கும் மர வீடுகள். வாசலில் பூ ஓடு பதித்த வளைந்த படிக்கட்டு. அந்தப் படிகளை எண்ணிக்கொண்டே போவேன். அப்புறம் வயல், தென்னை, உப்புக் காற்று. லிங்கி ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம் வந்துவிடும். அக்கரையில் தெரிவது நெகிரி செம்பிலான். ஆற்றில் முதலை உண்டு என்பதால் நான் கரையோரம் இறங்கக் கூடாது. தாத்தா முதலில் செம்படவர் படகுகளிடம் போய் விலை விசாரித்து, "அப்புறம் வர்றேன் பாக்சிக்" என்று சொல்லிவிட்டு, மேட்டில் ஏறத் தொடங்குவார்.

அந்த மேட்டில் இருப்பது டச்சுக்காரர்கள் 1757இல் கட்டிய பிலிப்பினா கோட்டை. பட்டாவியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜேக்கப் மோசலின் மகள் பெயரை அதற்கு வைத்தார்கள். ஊர்க்காரர்கள் சொல்வது புக்கிட் சுபாய், சிப்பாய்கள் இருந்த மேடு. கட்டியதற்கு முந்தைய ஆண்டுதான் லிங்கியின் பூகிஸ் தலைவர் டாயெங் கம்போஜாவின் ஆட்கள் மலாக்கா நகரத்தையே தாக்கியிருந்தார்கள். ரெம்பாவிலிருந்தும் சுங்கை ஊஜோங்கிலிருந்தும் ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்கு இறங்கும். முகத்துவாரம் யார் கையிலோ, ஈயமும் அவர்கள் கையில். இதெல்லாம் வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது பாசி ஏறிய குட்டைச் சுவர்களும், தூர்ந்துபோன அகழியும், இலைச்சருகும், மேலிருந்து பார்த்தால் தகதகவென்று மின்னுகிற மலாக்கா நீரிணையும்தான்.

தாத்தா கடலைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார். உள்ளங்கையை விரித்து வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போவார். செக்கச் செவேலென்ற கல். தேன்கூடு போல உடம்பெல்லாம் துளை. துளைக்குள் எறும்பு குடியிருக்கும், மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும், சிலதில் பொடிப்பொடியாகப் பெரணிச் செடி முளைத்திருக்கும். முழங்கை உரசினால் தோல் கிழிந்துவிடும். ஒருமுறை கல்லிடுக்கில் விரலை விட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, என் கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். எங்கள் தோட்டத்து ரோட்டு மண் அதே நிறம்.

"இது செம்பூராங்கல்லு பாப்பா. எங்க ஊர்ல கெணத்துக்கு இதுதான், சுவருக்கும் இதுதான். பூமிக்குள்ள இருக்கறப்ப மெத்துனு இருக்கும், கோடாலிக்கே வெட்டுப்படும். வெளிய எடுத்துக் காத்தும் வெயிலும் பட்டுச்சுன்னா இரும்பு."

எங்க ஊர் என்றால் புதுக்கோட்டைப் பக்கம். பன்னிரண்டு வயதில் அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. தோட்டத்தில் அவருக்கு ரோட்டு வேலை. செம்பூராங்கல்லை உடைத்துக் கொட்டி, திமிசு போட்டு இடித்து, மழைக்கு முன் ரோட்டைச் சமன்படுத்துகிற கூட்டத்தில் ஒருவர். அதனால் அவர் சொன்னது கேள்விப்பட்ட சங்கதி அல்ல, கையறிந்த சங்கதி. இன்றைக்குப் புவியியல் புத்தகமும் அதையேதான் சொல்கிறது: வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டும் பூமியில் இரும்புச் சத்து தங்கிச் சிவந்த கல் அது, வெட்டும்போது மென்மை, காற்றுப் பட்டால் உறுதி. கோவாவிலும் அதே கல்லில் கட்டிய போர்த்துகீசியர்கள் மலாக்காவில் இறங்கியபோது, காலடியிலேயே அது கிடந்தது.

பெரிய கோட்டையைப் பார்க்க மாசி மகத்துக்குத்தான் வழி பிறக்கும். செங்கிலிருக்கும் சன்னாசிமலைக்கு முருகன் தேர் வருகிற திருவிழா. தோட்டத்து லாரியில் பலகை போட்டு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். திருவிழா முடிந்து டவுனுக்குள் ஒரு சுற்று. தட்டான் தெருவில், டச்சுக்காரர் காலத்தில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகரைக் கும்பிட்டு, செண்டோல் குடித்துவிட்டு, பண்டார் ஹிலிருக்கு நடப்போம். இன்று மாக்கோத்தா பரேட் நிற்கும் இடத்தில் அப்போது கடல்.

அந்தப் பெரிய கோட்டையான ஏ ஃபமோசாவில் மிஞ்சியிருப்பது சந்தியாகு வாசல் ஒன்றுதான். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்ததும் சுல்தான்களின் கல்லறைகளையும் பள்ளிவாசலையும் பெயர்த்து அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினார். 1641இல் பட்டினி போட்டு நகரத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் வாசல் நெற்றியில் தங்கள் கம்பெனி முத்திரையையும் 1670 என்ற ஆண்டையும் பதித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை வெள்ளைக்காரர்களுக்குள் நடந்த சண்டையாகத்தான் சொல்லித் தந்தார்கள். எங்கள் லாரியில் வந்த கிழவர்களும் கிழவிகளும் அதை அப்படிப் பார்க்கவில்லை என்பதை இத்தனை வயதில் நினைத்துப் பார்க்கிறேன்.

வாசலுக்குப் பின்னால் படியேறினால் செயின்ட் பால் குன்று. மேலே கூரையில்லாத தேவாலயம். 1521இல் சிறு கோவிலாகத் தொடங்கியது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு மேல் கல்லறைப் பலகைகள் சாத்தி வைத்திருக்கும். மண்டையோடு செதுக்கிய பலகையைப் பார்த்து நான் தாத்தா வேட்டியைப் பிடித்துக்கொள்வேன். நடுவே கம்பி வலை போட்ட ஒரு குழி. 1553இல் பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகும் முன் சில மாதங்கள் கிடந்த இடம். வலைக்குள் சில்லறைக் காசு மின்னும்.

அடுத்த லயத்துத் தூத்துக்குடிப் பாட்டி அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டாள். "எங்க கடக்கரையில பொடிநடையா நடந்து மணியடிச்சுப் பிள்ளைகளக் கூப்பிட்டவருடி" என்று என்னிடம் சொன்னாள். முத்துக்குளித்துறையில் சவேரியார் ஊர் ஊராகப் போனது 1542க்குப் பின். பாட்டி அதை நேற்று நடந்ததைப் போலத்தான் பேசினாள். வெளியே நிற்கும் வெள்ளைச் சிலைக்கு வலக்கை இல்லை. 1952இல் நிறுவிய மறுநாளே மரம் விழுந்து உடைந்தது. அந்த மொட்டைக் கையைப் பார்த்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொந்த அண்ணனுக்கு நேர்ந்ததுபோல. நான் பார்த்த பக்தியிலெல்லாம் அதைப் போல இன்னொன்று இல்லை.

தாத்தா அங்கேயும் கல்லைத்தான் தடவிக்கொண்டிருந்தார். "இதுவும் நம்ம கல்லுதான்."

அடுத்து ஏறிய செயின்ட் ஜான் குன்றுக் கோட்டையில் பீரங்கிகள் ஏன் கடலுக்கு முதுகு காட்டி நாட்டுப்புறத்தைப் பார்த்து நிற்கின்றன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டச்சுக்காரர்கள் பயந்த எதிரிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் உள்நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதுதான் விடை. அப்படிப் பார்த்தால் அவை எங்கள் தோட்டத்துத் திசையைத்தான் குறி வைத்திருந்தன. பின்னால் ஆங்கிலேயர் காலத்திலும் அதே கதை. 1831இல் நானிங் தலைவர் டோல் சயிட் வரி கொடுக்க மறுத்தபோது, அலோர் காஜா வழியாகக் காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்கள் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள். அடுத்த ஆண்டு பெரும்படை போய்த்தான் வெல்ல முடிந்தது. அந்தப் படையில் தமிழ் பேசியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும். அதிகாரிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. சிப்பாய் ஒருவரின் பெயரைக்கூட நான் எந்தக் கல்லிலும் படித்ததில்லை. அது என்னை இன்றும் வாட்டுகிறது.

இப்போது மலாக்கா உலக மரபு நகரம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆற்றங்கரையில் மண்ணுக்குள் கிடந்த மிடல்பர்க் கொத்தளத்தைத் தோண்டியெடுத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் குவாலா லிங்கிக்கு வருவதில்லை. எனக்கோ கோட்டை என்று யார் சொன்னாலும் அந்த மேடுதான் முதலில் கண்ணில் நிற்கும்.

இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு நூலகத்திலிருந்து முன்ஷி அப்துல்லாவின் சுயசரிதையான ஹிக்காயாட்டை எடுத்து வந்தேன். 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய மூதாதையர் நாகூரில் வாழ்ந்தவர்கள். மலாக்காவின் வியாபார மொழி தமிழ் என்பதால் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார் என்று வாசித்ததும், தாத்தாவிடம் ஓடினேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், "அப்ப நம்ம ஆளு, படி" என்றார். மலாயில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

1807இல் ஆங்கிலேயர் கோட்டையை உடைத்ததை அப்துல்லா சிறுவனாக நேரில் பார்த்தவர். நெப்போலியன் போர் முடிந்தால் மலாக்காவை டச்சுக்காரர்களிடம் திருப்பித் தர வேண்டியிருக்கும். பலமான கோட்டையோடு தருவானேன் என்பது கணக்கு. கூலியாட்கள் கல்லுக்குள் பேய் இருக்கிறதென்று பயந்தார்கள். கடப்பாரைக்கு மசியாத சுவருக்குக் கடைசியில் ஆங்கிலேயரின் அதிகாரி ஃபார்குவார் வெடிமருந்து வைத்தார். யானை யானையாகக் கற்கள் பறந்து கடலில் விழுந்தன என்று நான் சொன்னபோது தாத்தா உலக்கையை நிறுத்திவிட்டார்.

"அத்தன கல்லும் கடலுக்கா போச்சு?"

இல்லை, மீதியை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப் போனார்கள், பட்டாவியாவுக்கும் ரியாவுக்கும்கூடக் கப்பலில் போனது என்று அடுத்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"வீட்டுக்குத்தான போச்சு? சரி, மேல படி" என்று மறுபடி இடிக்கத் தொடங்கினார்.