சக்திக்கு அளவு உண்டா?



எங்கள் வன்னி மண்ணில் சக்தியைப் புத்தகத்தில் படித்தவர்களை விட, போத்தலில் அளந்து பார்த்தவர்களே அதிகம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னாகிவிட்டது. ஜாம் போத்தலுக்குள் ஒரு சின்னத் திரி, அடியில் கொஞ்ச எண்ணெய், அந்தப் போத்தலே சிமினி. அதைச் சுற்றியிருந்து பிள்ளைகள் படித்தார்கள், நாங்கள் சமைத்தோம், நோயாளியையும் பார்த்தோம். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோ ஓட வானொலி பேசும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், மல்லாவிப் பக்கம் போனபோது உடுப்போடு சேர்த்து அந்தப் போத்தல் விளக்கையும் கட்டிக்கொண்டு போனவர்கள் நாங்கள்.

2002இல் போர்நிறுத்தத்தோடு தடை தளர்ந்தது. 2009க்குப் பிறகு மெல்ல மெல்ல மின்கம்பிகள் வந்தன. 2014இலிருந்து பளைப் பக்கம் காற்றாலைகளும் சுழல்கின்றன. ஆனாலும் 2022 மார்ச் முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, எங்கள் வீடுகளில் பழைய போத்தல்களைத் தேடத் தொடங்கிவிட்டோம். கை மறக்கவில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற என் பெறாமகள் ஒருநாள் கேட்டாள்: "சித்தி, பிரபஞ்சத்தில இருக்கிற சக்திக்கு அளவு இருக்கோ, இல்லையோ?" நான் முன்பு தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்தவள். பிள்ளை கேட்டதற்காகத் திரும்பவும் புத்தகங்களைப் புரட்டினேன். நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். அப்படியென்றால் இரவு முழுக்க எரிந்த மண்ணெண்ணெய் எங்கே போனது? அது அழியவில்லை. வெளிச்சமாகி, சூடாகி, இரவுக் காற்றில் கலந்துவிட்டது. கணக்கில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்தச் சூட்டைத் திரும்பக் கூட்டிப் பிடித்து ஒரு கோப்பி போட ஏலாது. சக்தி இருப்பது ஒன்று, அது எங்கள் கைக்கு உதவுவது வேறொன்று. மூன்று கல் அடுப்பிலும் இதுதான் நடக்கிறது. விறகின் சூட்டில் பெரும்பங்கு பானையைத் தொடாமலே போய்விடுகிறது. அதனால்தான் அனகி அடுப்பில் அதே சோறு குறைந்த விறகில் வேகிறது.

சூரியனும் அப்படித்தான். ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 40 இலட்சம் தொன் தன் திணிவைச் சக்தியாக்கி வீசுகிறது. அதில் பூமிக்கு வருவது 200 கோடியில் ஒரு பங்களவு. அந்தத் துளியில்தான் எங்கள் நெல்லும் பனையும் வளர்கின்றன. இன்னும் 500 கோடி ஆண்டுகள் அளவுக்கு அதனிடம் எரிபொருள் இருக்கிறதாம். பெரிய போத்தல்தான், ஆனாலும் போத்தல்தானே.

பிரபஞ்சம் முழுவதையும் எடுத்தால் கதை மாறுகிறது. எங்களுக்கு எட்டக்கூடிய தூரம் எந்தத் திசையிலும் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு. அதற்குள் இருப்பதற்கு அளவு உண்டு. அதற்கு அப்பால் வெளி முடிகிறதா, முடிவில்லாமல் போகிறதா என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. முடிவில்லை என்றால் சக்திக்கும் முடிவில்லை. இன்னொன்று, பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது. விரிய விரிய ஒளி தன் சக்தியை இழக்கிறது. மறுபக்கம், அந்த விரிவு வேகமாகிக்கொண்டு வருவதை 1998இல் கண்டுபிடித்தார்கள். அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இருள்சக்தி, வெளி கூடக் கூடத் தானும் கூடுகிறது என்பதே பொதுவான கணிப்பு. ஆகவே மொத்தம் இவ்வளவு என்று கூட்டிச் சொல்லவே முடியவில்லை.

ஏன் முடியாது என்பதற்கான வழியைக் காட்டியவர் ஒரு பெண். ஜெர்மனியைச் சேர்ந்த எம்மி நோதர். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் மாறாதிருந்தால்தான் சக்தியின் கணக்கும் மாறாதிருக்கும் என்று 1918இல் கணிதத்தால் நிறுவினார். வெளியே மாறிக்கொண்டிருக்கும் பிரபஞ்சத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் பெண் என்பதால் பல வருடங்கள் சம்பளமில்லாமல், இன்னொரு பேராசிரியரின் பெயரில் விரிவுரை செய்தார். 1933இல் யூதர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, நாட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போனார். இரண்டே வருடத்தில் இறந்துவிட்டார். ஊர் விட்டுப் போகிற துயரம் எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு வேறொரு பேச்சு நினைவில் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு கூட்டங்களில் பேச வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, "பெண்களின் சக்தி அளவற்றது" என்பார்கள். கைதட்டுவோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அளவற்றது என்று சொல்லிவிட்டால், பிறகு எவ்வளவு சுமையையும் ஏற்றலாம் அல்லவா? ஒரு பெண்ணின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,000 கலோரி உணவில் ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் 100 வாட் மின்குமிழ் ஒன்றின் அளவுதான். பிரபஞ்சத்துக்கு முடிவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இந்தக் குமிழுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

எங்கள் அயலில் ஒரு அக்கா, கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். விடிய நாலு மணிக்கு எழும்பி நூறு இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துவிட்டுத் தோட்ட வேலைக்குப் போவார். காலையில் ஒரு வெறும் தேத்தண்ணி மட்டும். போன வருடம் வெயிலில் மயங்கி விழுந்தார். குருதிச்சோகை என்று டாக்டர் சொன்னார். இப்போது அவித்ததில் முதல் ஐந்தை எடுத்துத் தன் கோப்பையில் வைக்கிறார். கடைக்காரத் தம்பி எண்ணிப் பார்த்து, "என்னக்கா, தொண்ணூற்றைஞ்சுதானே இருக்கு?" என்று கேட்டாராம்.

"இனி அவ்வளவுதான் தம்பி" என்றாராம் அக்கா.