லிவர் டைட்டா இருந்தா பிரேக் நல்லா இருக்கா?

புனேக்கு குடிவந்து பதினோரு வருஷம் ஆச்சுங்க. இந்த ஊரில் ஸ்கூட்டர் இல்லாமல் குடும்பம் ஓட்ட முடியாது. எங்க வீட்டு ஸ்கூட்டர் தங்கமணி கையில்தான். காலையில் பொண்ணை ஸ்கூலில் இறக்கிவிட்டு, அப்படியே ஆபீஸ். காலனி கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே இறக்கம். ஜூன் பிறந்தால் மழை வேறு.

போன வருஷம் சர்வீஸ் விட்டு வந்த மறுவாரமே, "என்னங்க, லிவர் நல்லா டைட்டா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது"ன்னாங்க. சர்வீஸ் சீட்டில் 'பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் ஓகே'ன்னு டிக் போட்டிருந்தது. டிக் போட்டவர் பின்சக்கரத்து நட்டை நாலு சுற்று திருகியிருப்பார், அவ்வளவுதான்.

டிரம் பிரேக்கில் நடப்பது இதுதான். லிவரை அழுத்தினால் கேபிள் இழுக்கும், சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்னக் கை திரும்பும், உள்ளே ரெண்டு ஷூவும் விரிந்து டிரம்மில் உரசும். ஷூ தேயத் தேய லிவர் லூஸ் ஆகும். நட்டைத் திருகினால் அந்த லூஸ் போய்விடும். தேய்ந்த ஷூ தேய்ந்தபடியேதான் இருக்கும். கைக்கு நல்லா இருக்கிற மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து.

உண்மையைச் சொல்வது அந்தக் கையில் இருக்கும் அம்புக்குறி. பிரேக் தட்டில் அதற்கு எதிரே ஒரு கோடு இருக்கும். ஒருத்தர் லிவரை முழுசாப் பிடிக்கணும் (எங்க வீட்டில் இது பொண்ணு டிபார்ட்மென்ட்), இன்னொருத்தர் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கணும். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்றியே ஆகணும், நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். எங்க வண்டியில் அம்பு கோட்டைத் தாண்டியே போயிருந்தது. அன்றைக்கு மத்தியானமே ஆட்டோவில் பொண்ணைக் கூட்டிவந்தேன்.

அம்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் வீட்டிலேயே அட்ஜஸ்ட் செய்யலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, நட்டை அரை அரைச் சுற்றாகத் திருகுங்க. நட்டின் குழிவு அந்த உருளைப் பின்னில் சரியா உட்காரணும், இல்லாவிட்டால் ரெண்டு நாளில் மறுபடி லூஸ்தான். லிவர் நுனியில் பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு கையேட்டில் பாருங்க. கடைசியில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்க. உரசாமல் சுற்றணும். ரொம்ப டைட் வைத்தால் ஓடும்போதே ஷூ உரசி, டிரம் சூடாகி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் கம்பைன்ட் பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. கம்பைன்ட் என்றால் இடது லிவரே ரெண்டு சக்கரத்தையும் பிடிக்கும். அதனால் பின்பக்கம் தொட்டால் முன்சக்கரமும் ஃப்ரீயா சுற்றுதான்னு பார்த்துவிடுங்க. டிஸ்க் பிரேக்கில் இந்த நட்டே கிடையாது.

ஷூ மாற்றுவதை நான் தெருமுனை மெக்கானிக்கிடம்தான் விட்டேன், ஆனால் பக்கத்திலேயே நின்றேன். இங்கே 'லைனர்'னு கேட்டால்தான் புரியும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதப் போனார். வேண்டாம்னு ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மூச்சில் போகக் கூடாது. "மதராஸி சாப்புக்கு எல்லாம் தெரியும்"னு சிரித்தார். பரவாயில்லை.

புது ஷூ டிரம்மில் படிய கொஞ்ச நாள் ஆகும். அதுவரை சிங்ககட் கோட்டை மாதிரி மலை இறக்கமெல்லாம் வேண்டாம்னு வீட்டில் சொல்லி வைத்தேன். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பெரிசாப் பிடித்துக் கொடுக்காது, இறக்கம் முழுக்க பிரேக்தான் சுமக்கணும்.