கரிசலில் போட்ட கோர்ட்

கோவில்பட்டியைத் தாண்டிக் கயத்தாறு போகும் வழியில், ஒரு வீட்டின் பின்வாசலில் தொடையளவு பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். 15 மீட்டருக்கு 11 மீட்டர், மூவர் ஆடும் கூடைப்பந்துக்கு உரிய அளவு. சுற்றிலும் ஒரு முழம் கூடுதல். பிள்ளைகள் முதலில் கேட்டது இறகுப்பந்து கோர்ட்டாம். காற்றாலைக்குப் பேர்போன ஊரில், ஆடிக் காற்றுக்கு அந்தப் பந்து யார் வீட்டுக் கூரையில் போய் உட்காருமோ என்று பெரியவர் ஒருவர் கேட்டுவைக்க, கூடைப்பந்துக்கு மாறிவிட்டார்கள்.

மாசி பிறந்திருந்தது. மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருந்தாலும் பள்ளத்துக்கு அடியில் இன்னும் ஈரம் இருந்தது. அந்த ஈரத்துக்காகவே மேஸ்திரி இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். "சித்திரை வெயில்ல பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும்போது மேல கான்கிரீட்டப் போட்டா, ஐப்பசி மழைக்கு அப்படியே தூக்கிரும் சார்" என்றார். மானாவாரிப் பருத்தியையும் உளுந்தையும் காப்பாற்றிக் கொடுப்பது இந்த மண்ணின் நீர்ப்பிடிப்புதான். வெட்டியெடுத்த கரிசலை டிராக்டர் வைத்து அள்ளிப்போகப் பக்கத்துக் காட்டுக்காரர் தயாராக நின்றார். கோர்ட் அளவுக்கு மட்டும் கணக்குப் பார்த்தாலே 35 யூனிட் மண். அவருக்கு லாபம், வீட்டுக்காரருக்கு வண்டி வாடகை மிச்சம்.

கரிசல் எவ்வளவு உப்பும் என்பதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பொறியாளர் வராந்தாவில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை வைத்திருந்தார். சலித்து உலர்த்திய மண் இரண்டிலும் பத்துப் பத்து கிராம். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயை இந்தக் களி உறிஞ்சாது, அதனால் உப்பவும் உப்பாது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் 10 மில்லி அளவில் படிந்த மண், தண்ணீரில் 18-ஐத் தொட்டிருந்தது. எண்பது சதவீத உப்பல். ஐம்பதைத் தாண்டினாலே மிக அதிகம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. களிக்குள் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தின் வேலை இது. தன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே தண்ணீரை இழுத்துக்கொண்டு விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே வரப்போவது வெறும் ஐந்து அங்குல கான்கிரீட் பலகை. வீட்டுச் சுவர்போல அழுத்திப் பிடிக்க அதற்குக் கனம் போதாது.

பள்ளத்தை எதனால் நிரப்புவது என்பதில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். எம்-சாண்டும் கிரஷர் தூளும் கொட்டி மட்டம் செய்துவிட்டால் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே போக வழியில்லாமல் தொட்டியில் நிற்பதுபோல நின்று, அடியிலிருக்கும் கரிசலை ஊறவைக்கும். கொஞ்சம் களிச்சேர்மானம் உள்ள, ஆனால் உப்பாத செம்மண் சரள்தான் இங்கே தேவை. பம்பாய் ஐஐடியில் பேராசிரியர் ஆர். கே. கட்டி இந்த முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். கரிசல் வழியே ஓடும் கால்வாய்களுக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். இங்கே அரை அடி அரை அடியாகச் சரளைப் பரப்பினார்கள். சித்தாள்கள் இரண்டு பேர் ஹோஸ் பிடித்து நனைக்க, பின்னாலேயே ரோலர் வந்தது. ரோலர் ஏற முடியாத மூலைகளில் திமிசுக்கட்டை. சரளை உள்ளங்கையில் பிடித்து உருட்டி, உருண்டை நிற்கிறதா உதிர்கிறதா என்று பார்த்துத்தான் மேஸ்திரி அடுத்த லோடைக் கொட்டச் சொன்னார்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது வளையக் கம்பத்துக்குக் குழி போட்டதை. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். அடி லேசாக அசைந்தாலும் உச்சியில் அது பெரிதாகத் தெரியும். அதனால் கம்பத்தின் காலைத் தளத்தோடு சேர்க்காமல், பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும் மேலடுக்கைத் தாண்டி மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். முக்காலி ஒன்றை நிறுத்தி, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்து ஆகர் என்ற துளைக்கருவியைச் சுற்றினார்கள். துளை ஒரு அடி அகலம். அடியைத் தொட்டதும் கருவியை மாற்றினார்கள். மடங்கிய இரண்டு கத்திகளும் கீழே ஒரு வாளியும் கொண்டது அது. அழுத்திச் சுற்றினால் கத்திகள் விரிந்து பக்கவாட்டு மண்ணைச் சீவும்; சீவல் வாளியில் விழும்; தூக்கினால் கத்திகள் மடங்கிக்கொள்ளும். பிடித்தண்டில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. அது துளையின் வாய்க்கு இறங்கினால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தில் குடம்போன்ற பள்ளம், துளையைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்கு, முழுதாக விரிந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் குமிழ்க்கால் அஸ்திவாரத்தை நாட்டில் பரப்பியது ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கருவியைச் சுற்றியவர்களில் மூத்தவர், நெல்லைப் பக்கம் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

கான்கிரீட் போடும் நாள் எல்லா இடத்திலும் நடப்பதுதான். தண்ணி டியூப் பிடித்து, நூறுக்கு ஒன்று வாட்டம், அதுவும் ஒரே பக்கமாக. நடுவில் மேடு கட்டி இரண்டு பக்கமும் சரித்தால் தண்ணீர் வடியும், ஆட்டம் கெடும். பிறகு இருபத்தெட்டு நாள் கழித்துத்தான் அக்ரிலிக் பூச்சு. அதற்கு வேறு ஊரிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். வீட்டுக்காரர்கள் போட்டோ எடுப்பதும் அவர்கள் வந்த பிறகுதான்.

மேஸ்திரிக்குக் கடைசிக் கவலை தளத்தைப் பற்றியதே இல்லை, அதன் ஓரத்துத் தண்ணீரைப் பற்றியது. ஒரு ஓரம் மட்டும் எப்போதும் நனைந்து, மற்ற மூன்றும் காய்ந்து கிடந்தால் அந்த ஓரம் எழும்பிவிடும். துணி துவைக்கும் கல்லிலிருந்து வாய்க்கால் ஒன்று கோர்ட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. "அக்கா, இந்தத் தண்ணி இனி இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். அந்த அம்மா விடவில்லை. "அந்தத் தண்ணியிலதாம்பா என் வாழையே நிக்குது. பந்து வெளாடுறதுக்காக வாழையப் பட்டினி போடவா?" கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கல்லிலிருந்து சுற்றிக்கொண்டு வாழை மூட்டுக்கு பிவிசி குழாய் போட்டுத் தருவதாக முடிவானது. எஸ்டிமேட்டில் அது இல்லை.