தேநீர் மேசையில் நம்மவர்களும் வேண்டும்

ஜோகூரின் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் மென்மண் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் உண்டு. அங்கே பேசப்படுவது நம் காலடி மண்ணைப் பற்றி.

மென்மண்ணில் ஒரு வகையான பீட் மண் என்பது நீரில் ஊறி, முழுதாக மட்காமல் கிடக்கும் இலையும் வேரும் மரமும்தான். செம்பனைக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், காற்றுப் பட்டு மட்கித் தரை தாழும். மேற்கு ஜோகூரில் அளந்து 1997-இல் வெளியான வோஸ்டன் குழுவின் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரி 2 சென்டிமீட்டர் என்றது. இருபத்தைந்து ஆண்டில் அரை மீட்டர்! தாழ்ந்த தரையில் வெள்ளம் எப்படி வடியும்? 2023 மார்ச் வெள்ளத்துக்குப் பெருமழைதான் முதல் காரணம். ஆனாலும் பத்து பாகாட்டில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றதை மறக்க முடியவில்லை.

இந்த மண்ணைப் பற்றிய கருத்தரங்கு முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் ஆய்வாளர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்த மேசையில் தோட்டத்து மக்களும் இருக்க வேண்டும். எந்த வாய்க்கால் எந்த வருடம் பொங்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கருத்தரங்கு அறிவிப்பைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் புலனக் குழுவிலும் போடுங்கள். அப்பா அம்மாவையும் அழைத்துப் போங்கள்.