நன்னாவின் காதும் என் பட்டமும்



பிறந்த குழந்தையின் வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் சொல்லி வரவேற்பது நம் வீடுகளின் வழக்கம். அவ்வோசை குழந்தைக்குக் கேட்டதா என்று நாம் ஐயுறுவதில்லை. நெட்டப்பாக்கத்தில் என் தம்பி பிறந்தபோதும் அவ்வாறே சொன்னார்கள். “ஆண்பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்” என்று பெரியவர்கள் கூறக் கூற நான்கு ஆண்டுகள் கழிந்தன. அதன் பிறகே அத்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வில்லியனூர் வழியாகப் பேருந்தேறி, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்றார். இரு செவியும் பிறவியிலேயே கேளாதவை என்பது அன்றுதான் தெரிந்தது. நான் ஆடியாலஜி எனப்படும் கேட்பியலைப் படிக்கச் சென்றதற்கு அந்த நாளே காரணம்.

இளநிலைக்கு நான்காண்டு, முதுநிலைக்கு ஈராண்டு படித்து முடித்தேன். செவியைச் சோதிக்கவும் கருவி பொருத்தவும் இப்படிப்பு போதும். ஆயினும் முனைவர் பட்டத்திற்கும் பதிவு செய்யப் போகிறேன் என்றபோது, “வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கம்மா ஐந்தாண்டு?” என்று அத்தா வினவினார். உங்களுக்கும் இதே கேள்வி எழக்கூடும். அதற்கு விடை என் நன்னாவிடம் இருக்கிறது.

கரும்பும் நெல்லும் பயிரிட்டே வாழ்ந்தவர் அவர். முதுமையில் காது மந்தமாயிற்று. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு ஒலித்து முடிந்த பின்னும், “பாங்கு சொல்லிவிட்டார்களா?” என்று கேட்பார். பயிற்சி முடித்த புதிதில் நானே அவரைச் சோதித்தேன். முதலில் மெல்லிய, உரத்த ஒலிகளைத் தாழ்ந்த சுருதியிலும் உயர்ந்த சுருதியிலும் கொடுத்து, எது வரை கேட்கிறது என்று அளந்தோம். அடுத்தது சொற்சோதனை. ஹெட்ஃபோன் வழியே ஒவ்வொரு சொல்லாக ஒலிக்கும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து சொற்களில் பதின்மூன்றுக்குத்தான் நான் சரி என்று குறித்தேன். கருவி பொருத்தினாலும் பேச்சு விளங்குவது ஐயமே என்று என் கையாலேயே எழுதினேன்.

அன்றிரவு உறக்கம் வராமல் அந்தத் தாளை மீண்டும் பார்த்தேன். “காற்று” என்பதற்கு நன்னா “காத்து” என்றிருந்தார். “நாற்று” என்பதற்கு “நாத்து”. “கோழி”க்குக் “கோளி”. எழுத்து மாறினால் தவறு என்று பாடம் போல நான் அடித்துவிட்டிருந்தேன்! எழுபது ஆண்டுகளாக வயலில் நாத்து நட்டவர் வேறு எவ்வாறு சொல்வார்? ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. “கோளி” என்றவர் ழகரத்தைச் சரியாகக் கேட்டுத் தம் வழக்கப்படி சொன்னாரா, அல்லது ளகரமாகவே கேட்டாரா? அவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

தமிழில் சொற்சோதனைக்கான பட்டியல் ஒன்று, 1965இல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தில், 1976இல் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வாக உருவாயிற்று. ஒரு மாணவரின் ஆய்வேடு மருத்துவ அறையின் கருவியாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. ஆனால் பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. நம் வட்டாரத்து விடைகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு விதி வேண்டும். முதலில் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்து, அவருடைய இயல்பான உச்சரிப்பை அறிய வேண்டும். நன்றாகக் கேட்பவர்களிடம் முதலில் சோதித்து, பின்னர் மந்தமானவர்களிடம் சோதித்து, கணக்கிட்டு நிறுவ வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலையா இது?

இந்தத் துறையே இவ்வாறு பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் செவி பழுதாகித் திரும்பிய படைவீரர்களைக் கவனிக்கையில்தான் அமெரிக்காவில் இது தனித்துறையாக வளர்ந்தது. ரேமண்ட் கார்ஹார்ட் போன்றோர் சிகிச்சையும் செய்தனர், ஆய்வும் செய்தனர். இன்று அங்கே மருத்துவப் பணிக்கென நான்காண்டு முனைவர் படிப்பு தனியே உள்ளது. ஆய்வுக்கான முனைவர் பட்டம் வேறு. இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சில பல்கலைக்கழகங்கள் வழி செய்கின்றன. எனக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை, நானே சேர்த்துக்கொண்டேன். காலையில் நோயாளிகள், இரவில் ஆய்வு.

எளிது என்று சொல்லமாட்டேன். தாய் ஒருத்தி குழந்தையுடன் வெளியே காத்திருக்க, உள்ளே புள்ளிவிவரக் கணக்கு முடியாமல் கிடந்த நாட்கள் உண்டு. அப்போது கணக்கை ஒதுக்கி வைத்தேன். அதனால் ஆய்வு ஓராண்டு பின்தங்கியது. பேசிவந்த சம்பந்தம் ஒன்று, “இன்னும் ஐந்தாண்டா?” என்ற கேள்வியோடு நின்றது. அம்மா அதை இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் மட்டும் அமர்ந்திருந்தால், கல்லூரி மாணவர்களை வைத்தே என் சோதனை முடிந்திருக்கும். நாத்து என்று சொல்பவரை நான் சந்தித்தே இருக்கமாட்டேன். மருத்துவ அறையில் மட்டும் இருந்திருந்தால், நாத்து தவறு என்று இன்றும் அடித்துக்கொண்டிருப்பேன்.

என் பழைய குறிப்பைத் திருத்தி, நன்னாவுக்குக் கருவி பொருத்தினேன். ஆய்வுக்காகத் தொகுத்த புதிய பட்டியலின் முதல் வடிவத்தைச் சென்ற மாதம் அவரிடமே சோதித்தேன். இருபத்தைந்தில் பத்தொன்பது சொன்னார். அன்று முதல், “தப்பான அந்த ஆறு சொல் என்னென்ன, சொல்லு கண்ணு” என்று நச்சரிக்கிறார். மறுபடியும் சோதிக்க வேண்டியிருப்பதால் அவரிடம் சொல்லக் கூடாது. தினமும் மக்ரிபுக்குப் பிறகு கேட்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.