பல்லைப் புடிச்சுப் பாக்காத மாடு

மொதல்லயே சொல்லிடறேன். இது "பழைய கார் வாங்குவது எப்படி" பதிவு இல்ல. "எப்படி வாங்கக் கூடாது" பதிவு. கடைசில கொஞ்சம் உபயோகமான விஷயமும் இருக்கு, அதனால பாதியில எஸ்கேப் ஆகிடாதீங்க :-)

நான் டாலஸ்ல பொட்டி தட்ட ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. போன வருஷம் சித்தப்பா பொண்ணு எம்.எஸ். படிக்க இதே ஊருக்கு வந்தா. ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கே சித்தப்பா போன். "தம்பி, நீ இருக்கற தைரியத்துல தான்ப்பா அனுப்பி வச்சேன். பாத்துக்க." சரி சித்தப்பான்னு சொன்னேன். அந்த "சரி"க்கு எவ்வளவு வெயிட்டுன்னு அப்பத் தெரியல.

இந்த ஊர்ல பால் பாக்கெட் வாங்கணும்னாலும் கார் வேணும். அவ தங்கியிருந்த எடத்துல இருந்து காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறணும். கார் வாங்கறதுக்குன்னே 5,000 டாலர் தனியா எடுத்து வச்சிருந்தா. எஜுகேஷன் லோன்ல கொஞ்சம், சித்தி செயின அடகு வச்சது கொஞ்சம். டீலர்ங்க கிட்ட விசாரிச்சா, பத்து வருஷப் பழைய ஹோண்டா சிவிக்குக்கே எட்டாயிரத்துக்கு மேல சொன்னாங்க.

அப்பத் தான் நம்ம எஞ்சினியர் மூளை முழிச்சிக்கிச்சு. ஆன்லைன் கார் ஏலம்!

தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம். அமெரிக்கால ஒரு கார் அடிபட்டா, அதச் சரி பண்ற செலவு கார் மதிப்புக்குப் பக்கத்துல வந்துட்டாலோ தாண்டிட்டாலோ, இன்சூரன்ஸ் கம்பெனி அத டோட்டல் லாஸ்னு சொல்லி ஓனருக்குப் பணத்தக் குடுத்துடும். கார் கம்பெனி கைக்கு வந்துடும். அவங்க அத வச்சு என்ன பண்ணுவாங்க? ஏலத்துல விட்டுடுவாங்க. பல ஏக்கர் பொட்டல்ல வரிசை வரிசையா கார் நிக்கும். ஒவ்வொண்ணையும் பத்துப் பன்னண்டு போட்டோ எடுத்து வெப்சைட்ல போட்டுடுவாங்க. உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் ஏலம் கேக்கலாம். பல மாநிலங்கள்ல பல வண்டிகள லைசென்ஸ் இருக்கற வியாபாரிங்க மட்டும் தான் கேக்க முடியும். நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு புரோக்கர்ங்க இருக்காங்க. கமிஷன் குடுத்தா அவங்க லைசென்ஸ்ல நாம கேக்கலாம்.

இதுல "ரன் அண்ட் டிரைவ்"னு ஒரு முத்திரை உண்டு. கேக்கறதுக்கு வண்டி சூப்பரா ஓடுங்கற மாதிரி இருக்கும். நெஜத்துல அர்த்தம், யார்டுக்கு வந்தப்ப ஸ்டார்ட் ஆச்சு, கியர் விழுந்துச்சு, கொஞ்சம் நகந்துச்சு. அவ்ளோ தான். மத்தபடி "இருக்கிறபடியே, இருக்கிற இடத்திலேயே". வாங்கினப்புறம் வாயத் தொறக்க முடியாது.

எனக்கு இதெல்லாம் தெரியும். அங்க தான் பிரச்சினையே. எனக்கு எல்லாம் தெரியும்ங்கற நெனப்பு.

மூணு வாரம் ராத்திரி உக்காந்து, முடிஞ்ச ஏலங்களோட விலையெல்லாம் எடுத்து எக்ஸெல்ல போட்டேன். 140 சிவிக். வருஷம், மைலேஜ், அடி பட்ட எடம், போன விலைன்னு எல்லாத்துக்கும் கிராஃப் வேற. ஆபீஸ் ஆணியக் கூட இவ்ளோ சின்சியரா நான் புடுங்கினது கெடையாது. வெள்ளத்துல முங்கின வண்டி வேண்டவே வேண்டாம், வயரிங்ல ஆரம்பிச்சு எல்லாம் போயிடும். முன்பக்கம் அடிபட்டது வேண்டாம். பெஸ்ட் எதுன்னா ஆலங்கட்டி மழையில அடிவாங்கின வண்டி. டாலஸ் பக்கம் வசந்த காலத்துல எலுமிச்சம்பழ சைஸ்ல எல்லாம் ஆலங்கட்டி விழும். மேல பாத்தா ஒடுக்கு விழுந்த சொம்பு மாதிரி இருக்கும், ஆனா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஒடுக்கோட ஓட்டிட்டுப் போனா யார் கேக்கப் போறா?

கெடச்சது 2013 சிவிக். ஆலங்கட்டி அடி. ரன் அண்ட் டிரைவ். பேப்பர்ல சால்வேஜ் முத்திரை கூட இல்ல. வின் நம்பரப் போட்டுக் காசு கட்டி ஹிஸ்டரி ரிப்போர்ட் எடுத்தேன். ஒரு விபத்து கூடக் கெடையாது. எக்ஸெல் சொன்ன உச்ச விலை 3,500.

யார்டு எங்க வீட்ல இருந்து நாப்பதே மைல். ஏலத்துக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாக்க விடுவாங்க. "அண்ணே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"ன்னு தங்கச்சி கேட்டா. "போட்டோ தான் பன்னண்டு இருக்கே பாப்பா, டேட்டா எல்லாம் எங்கிட்ட இருக்கு"ன்னேன்.

ஏலத்தன்னிக்கு ரெண்டு பேரும் லேப்டாப் முன்னாடி உக்காந்தோம். ஒவ்வொரு ஆள் கேக்கும்போதும் திரையில இருக்கற வட்டம் மறுபடி மொதல்ல இருந்து சுத்தும். சில நொடி தான். அதுக்குள்ள அமுக்கணும். 3,200... 3,300... 3,500. எதிர்ல இன்னொருத்தன் 3,600. யாருன்னே தெரியாது. எனக்கு அவன் மேல அப்படி ஒரு கோவம். "அண்ணே, 3,500னு தான சொன்னே"ங்கறா. நான் அமுக்கிட்டே இருக்கேன். 4,100ல அவன் நின்னுட்டான். ஜெயிச்சிட்டோம்னு கத்தினேன். என்னத்த ஜெயிச்சேன்!

அப்புறம் பில் வந்துச்சு. ஏலக் கட்டணம் 640. கேட் ஃபீஸ் 95. ஆன்லைன்ல கேட்டதுக்கு 110. புரோக்கர் 300. வீட்டுக்கு இழுத்துட்டு வர 180. மொத்தம் 5,425 டாலர். மேல வந்த 425அ நான் போட்டேன். பேர் மாத்தும்போது டெக்சாஸ் வரி 6.25 சதவீதம் தனி.

வண்டி வந்துச்சு. ஸ்டார்ட் ஆச்சு. ஏசி கூட வேல செஞ்சுது. தங்கச்சி செல்ஃபி எடுத்துச் சித்திக்கு அனுப்பினா. சித்தி காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாங்க. நான் காலர தூக்கி விட்டுக்கிட்டேன்.

பேர் மாத்தறதுக்கு முன்னாடி ஆயில் மாத்தலாம்னு, நான் வழக்கமாப் போற மெக்கானிக் கிட்ட எடுத்துட்டுப் போனேன். மெக்சிகோக்காரர், வயசானவர், அதிகம் பேச மாட்டார். உள்ள உக்காந்து சாவியத் திருப்பினார். அணைச்சார். மறுபடி திருப்பினார். என்னக் கூப்பிட்டு, "ஏர்பேக் லைட்டப் பாரு"ன்னார்.

"எரியலையே, நல்லது தான?"

அவர் பாத்த பார்வை இருக்கே... சாவி போட்டதும் அந்த லைட்டு சில நொடி எரிஞ்சு அப்புறம் அணையணுமாம். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லன்னா யாரோ வேணும்னே அத எரிய விடாமப் பண்ணியிருக்கலாம். ஸ்டியரிங் நடுவுல இருக்கற மூடியக் கழட்டினார். பின்னாடி காலி. ஏர்பேக்கே இல்ல. பக்கத்து சீட்டுப் பக்கமும் அதே கதை. டேஷ்போர்ட வெடிச்ச எடத்துல ஒட்டிப் பெயின்ட் அடிச்சிருந்தாங்க.

அதாவது, ஆலங்கட்டி விழறதுக்கு முன்னாடியே என்னிக்கோ இந்தக் கார் நேருக்கு நேர் மோதியிருக்கு. இன்சூரன்சுக்கும் போகாம போலீசுக்கும் போகாம எங்கயோ வச்சு ஒட்டுப் போட்டுட்டாங்க. எங்கயும் பதிவாகாத விபத்து ரிப்போர்ட்ல எப்படி வரும்? ரிப்போர்ட் பொய் சொல்லல. ஏலக் கம்பெனியும் பொய் சொல்லல, ஆலங்கட்டி அடின்னு போட்டிருந்தாங்க, ஆலங்கட்டி அடி தான். வீட்டுக்கு வந்து அந்த பன்னண்டு போட்டோவ மறுபடி பாத்தேன். நாலாவது படத்துல ஃபெண்டர் போல்ட்டு மண்டையில எல்லாம் பெயின்ட் உரிஞ்சிருக்கு. கழட்டி மாட்டின அடையாளம். அந்தப் படத்த முப்பது தடவையாவது பாத்திருப்பேன்.

ஒழுங்கா ஒரிஜினல் ஏர்பேக், சீட் பெல்ட், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் போட 3,000 டாலருக்குக் கொறையாதுன்னார் மெக்கானிக். கூட்டிப் பாத்தா டீலர் சொன்ன அதே விலை. வெலை கொறைஞ்ச ஏர்பேக் ஆன்லைன்ல கெடைக்குமேன்னு கேட்டேன். தலைய ஆட்டிட்டார். 2024 ஜூலைல அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதுக்குன்னே ஒரு எச்சரிக்கை விட்டிருக்காங்க. ஏற்கெனவே விபத்தான பழைய கார்கள்ல மலிவான போலிச் சாமான மாத்திப் போட்டு, உயிர் பொழைச்சிருக்கக் கூடிய மோதல்லயே அது வெடிச்சு உலோகத் துண்டு பாஞ்சு, ஒன்பது மாசத்துல மூணு பேர் செத்திருக்காங்க.

இதுக்கப்புறம் எழுதறது தான் கஷ்டமா இருக்கு.

ரூம்மேட் சொன்னான், "மச்சி, டென்ஷன் ஆகாத. ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டா லைட்டு ஒழுங்கா எரிஞ்சு ஒழுங்கா அணையும். ஆகஸ்ட்ல புது பேட்ச் பசங்க வருவாங்க. 6,000 போட்டா கண்ண மூடிட்டு வாங்குவாங்க." நான் அவனத் திட்டல. லேப்டாப்பத் தொறந்து, நம்ம ஊர்ப் பசங்க வாட்ஸப் குரூப்புல போட விளம்பரம் டைப் பண்ணினேன். "2013 சிவிக், சூப்பர் கண்டிஷன், சின்ன ஒடுக்குகள் மட்டும், விபத்து இல்லை (ரிப்போர்ட் உண்டு)." ஒவ்வொரு வார்த்தையும் பேப்பர்ல நிரூபிக்கலாம். இருவது நிமிஷம் அது திரையில அப்படியே இருந்துச்சு.

தங்கச்சி பின்னாடி நின்னு படிச்சுட்டு, "யாருண்ணே வாங்குவாங்க?"ன்னு கேட்டா. கோவமாவோ குத்தலாவோ இல்ல, சும்மா தான் கேட்டா. எனக்குப் பதில் வரல. யார் வாங்குவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். சித்தியோட செயின அடகு வச்ச காசோட வர்ற இன்னொரு பொண்ணு வாங்குவா.

அழிச்சிட்டேன்.

பார்ட்ஸுக்காகப் பிரிக்கற ஒரு யார்டுல, ஏர்பேக் இல்லங்கறதச் சொல்லியே குடுத்தேன். 1,700 டாலர். தங்கச்சியோட 5,000அ முழுசா என் கணக்குல இருந்து போட்டுட்டேன். வேண்டாம்னு ரெண்டு நாள் சண்ட போட்டா. இப்ப என்னோட பழைய கொரோலாவ அவ ஓட்டறா. நான் ஆபீசுக்கு ட்ரெயின்ல போறேன். ஒண்ணும் கொறைஞ்சு போயிடல, ட்ரெயின்ல தூங்கலாம் :-)

லேசாக் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க தாத்தா மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு என்னக் கூட்டிட்டுப் போவார். துண்டுக்கு அடியில கைய விட்டு, விரலப் புடிச்சே விலை பேசுவாங்க. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு அந்தத் துண்டு தான் பெரிய மேஜிக்கா தெரிஞ்சுது. ஆனா தாத்தா துண்டுக்குள்ள கைய விடறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணுவார்னு இப்பத் தான் ஞாபகம் வருது. மாட்டோட வாயத் தொறந்து பல்லப் பாப்பார். நடக்க விட்டுப் பாப்பார். குனிய வச்சு, திமிலத் தட்டிப் பாப்பார். அரை நாள் ஆகும். விலை கடைசி அஞ்சு நிமிஷம் தான்.

நான் மூணு வாரமும் துண்டுக்குள்ளயே கைய விட்டுட்டு இருந்திருக்கேன்.

சித்தப்பா கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "புள்ளைய அதுல ஒக்கார வைக்கலைல்ல? போதும் தம்பி"ன்னு வச்சுட்டார்.

பி.கு: எந்தப் பழைய வண்டிய வாங்கினாலும் சரி, யார் கிட்ட வாங்கினாலும் சரி. சாவியத் திருப்பி ஏர்பேக் லைட்டப் பாருங்க. எரியணும், எரிஞ்சு அணையணும். அது ரெசிஸ்டரையும் காட்டிக் குடுக்காது, அதனால ஒரு மெக்கானிக் கிட்ட நூறு டாலர் செலவு பண்ணி மூடியக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. முக்கியமா, நேர்ல போங்க. நாப்பது மைல் தான.